பூஞ்சைக்கொல்லி இறாலையும் பாதிக்கும்

பூஞ்சைக்கொல்லி பூஞ்சையை மட்டும்தான் தாக்கும், வயல் தண்ணீர் குளத்தில் கலந்தாலும் இறாலுக்கு ஒன்றும் ஆகாது என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அது சரியில்லை அண்ணே. மியான்மரில் எங்கள் துவாண்டே பக்கம் வயலும் குளமும் ஒரே வரப்பில் இருப்பதால் சொல்கிறேன். நெல்லுக்கு அடிக்கும் அசாக்சிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சைக்கொல்லி, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் முடக்குகிறது. அது இறாலுக்கும் உண்டு. இறால் ஓடு உரித்துத்தான் வளரும், உரிக்கச் சக்தி நிறைய வேண்டும். அதனால் சாகாத இறாலும் வளராமல் நிற்கலாம்.

நீங்களே பார்க்கலாம். மருந்தின் பெயரைப் போட்டுப் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடி, 12ஆம் பகுதியைத் திறங்கள். அதில் டாஃப்னியா என்று ஒரு வரி இருக்கும். அது நீர்த்தெள்ளு, இறாலைப் போலவே ஓட்டுடலி. 48 மணி நேரத்தில் அவற்றில் பாதியை முடக்க, அசாக்சிஸ்ட்ரோபின் லிட்டருக்கு 1 மில்லிகிராம்கூடத் தேவையில்லை.