பதிமூன்று நாள், பதினான்கு வீடு

ஞாயிற்றுக்கிழமை வந்த அந்தப் பதிவை நானும் பார்த்தேன். யார் போட்டது, யாரைப் பற்றியது என்று இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் போடாமல் எழுதினால் யாருக்கும் புரியாது என்று நினைத்தீர்களா அண்ணே? கீழே லைக் போட்டவர்களில் பதினோரு பேர் நம் சொந்தம். இரண்டு பேர் அதை எனக்கே அனுப்பி, "இது உன் தம்பியைத்தானே?" என்று கேட்டுவிட்டார்கள்.

"வாசல்படி மிதித்து ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள நேரமில்லாதவர்களுக்கு, ஆற்று மணலில் சும்மா உட்கார்ந்து போட்டோ பிடிக்க மட்டும் நேரம் இருக்கிறது." இதுதானே நீங்கள் எழுதியது? மூன்று நாளாக மனதுக்குள்ளேயே வைத்திருந்தேன். விட்டுவிடு, பதில் எழுதினால் பெரிதாகும் என்று வீட்டில் சொன்னார்கள். விட முடியவில்லை.

ஆமாம், ஆஸ்திரேலியாவில் குடியேறப் போகிற என் தம்பி குடும்பம் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். சும்மா உட்காரத்தான் ஊருக்கு வந்தார்கள்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, தம்பி மனைவி ஏப்ரல் 26 அன்று அவர்களை அழைத்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு சென்னையில் வேலையை விடுவதற்கான நோட்டீஸ் பீரியட் முடியவே மே பாதி ஆகிவிட்டது. அவன் வந்து சேர்ந்தது மே 17. திருச்சியில் விமானம் ஏறியது ஜூன் 9 ராத்திரி. மொத்தம் 24 நாள். அதில் ஐந்து நாள் திரும்பவும் சென்னைக்கு அலைந்தான். பிள்ளைகளின் டிசி, தடுப்பூசி அட்டை, வங்கிக் கணக்கை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றுவது, என் பெயரில் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தது, எல்லாம் அதில் அடக்கம். ஆறு நாள் திண்டுக்கல்லில் அவன் மாமனார் வீடு. மிச்சம் பதிமூன்று நாள்.

சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்ட வீடுகள் பதினான்கு. மயிலாடுதுறையில் மூன்று, மன்னார்குடியில் இரண்டு, பட்டுக்கோட்டை, திருவாரூர், திருச்சி, அப்புறம் உள்ளூரில் ஆறு. நீங்களே கழித்துப் பாருங்கள். அப்பா அம்மாவுக்கு எத்தனை நாள் மிஞ்சுகிறது?

"ஒரு வேளை சாப்பாடுதானே, ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டுப் போயிருக்கலாமே" என்று கேட்பீர்கள். நம் வீடுகளில் எந்த விருந்து ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கிறது? பதினொரு மணிக்குப் போனால் ஒன்றரைக்கு இலை போடுவோம். சாப்பிட்டதும் கிளம்பினால் மனஸ்தாபம். காபி குடித்து, வெற்றிலை பாக்கு வாங்கி, பிள்ளைகள் கையில் ரூபாய் திணித்து, வாசலில் நின்று இன்னும் அரை மணி நேரம் பேசி, பேருந்து பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். அன்பாகத்தான் செய்கிறோம். எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைய நாள் போனது போனதுதான். போனது எங்கள் அப்பாவின் நாள்.

"மாமனார் வீட்டுக்கு மட்டும் ஆறு நாள் போக முடிந்ததா?" என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அவளுக்கும் அப்பா அம்மா இருக்கிறார்கள். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

"எப்போது வேண்டுமானாலும் வரலாம், இந்தக் காலத்தில் மெல்பர்ன் என்ன தூரமா?" என்கிறார்கள். இதைத்தான் நிதானமாக விளக்க வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதே இல்லை. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நான்கு பருவம், நடுநடுவே இரண்டு வாரம்போல் விடுமுறை. பெரிய லீவு என்றால் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை. நாலு பேருக்கு டிக்கெட் போட்டு வருகிற குடும்பம் இரண்டு வார லீவுக்கு வராது. ஆக, அந்தப் பிள்ளைகள் இனி ஊருக்கு வந்தால் மார்கழியிலும் தையிலும்தான் வருவார்கள். பள்ளி முடிகிறவரை அவர்களுக்கு இங்கே சித்திரையும் கிடையாது, வைகாசியும் கிடையாது. நுங்கு கிடையாது. மாங்காயை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுத் தின்பது கிடையாது. கத்திரி வெயிலில் ராத்திரி கரண்ட் போனதும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவது கிடையாது. நீங்கள் குறை சொன்ன அந்தப் போட்டோவில் இருக்கிற காய்ந்த ஆறுகூடக் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். மார்கழியில் வந்தால் அரசலாற்றில் தண்ணீர் ஓடும். மணலில் ஸ்டம்ப் நட்டு தாத்தா அம்பயராக நிற்கிற கிரிக்கெட் இனி அவர்களுக்கு இல்லை. கடைசிக் கோடை என்று நான் சொல்வது பேச்சுக்காக இல்லை. காலண்டரைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த பதிமூன்று நாளில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஊட்டி போகவில்லை, கொடைக்கானல் போகவில்லை. அம்மா கூழ் வடாம் போட்டாள். விடியற்காலை நாலரைக்கு மாவைக் கிண்டி, மாடியில் அப்பாவின் பழைய வேட்டியை நனைத்து விரித்து, பேத்தி கையில் அச்சைக் கொடுத்தாள். அவள் பிழிந்தது ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. காக்காய்க்குக் காவலாக பேரன் குடையோடு உட்கார்ந்தான், பத்து மணிக்கெல்லாம் முகம் சிவந்து ஓடி வந்தான். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, ஒவ்வொன்றாக உரித்தார்கள். உரிக்கும்போதே பாதி வாய்க்குள் போயிற்று. அந்த அரைக்காய்ச்சல் வடாமின் ருசி தெரிந்தவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று புரியும். இது ஒரு நாள். இன்னொரு நாள் அப்பா பேரனுக்கு சைக்கிள் செயின் மாட்டச் சொல்லிக்கொடுத்தார். இன்னொரு நாள் எல்லோரும் மத்தியானம் தூங்கினார்கள். என் தம்பி கூடத்தில் அம்மா பக்கத்தில் சின்னப் பையன்போலச் சுருண்டு தூங்கியதை நான் வாசலில் நின்று பார்த்தேன். எழுப்ப மனம் வராமல் திரும்பிவிட்டேன். இதைத்தான் சும்மா என்கிறீர்கள்.

"பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டாமா?" சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். மயிலாடுதுறை அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. இவனைத் தூக்கி வளர்த்த கை. அடுத்த முறை வரும்போது இருப்பாளோ மாட்டாளோ என்று அவள் வாயாலேயே சொன்னாளாம். அதைக் கேட்டபோது எனக்கும் வயிறு கலங்கியது. போயிருக்கலாம். ஒரு நாள் ஒதுக்கியிருக்கலாம். வீடியோ காலில் பேசினான், அழுதான், ஆனால் அது போதாது, தெரியும். அந்த ஒரு வீட்டுக்கு நான் தலைகுனிகிறேன். மற்ற பதின்மூன்று வீட்டுக்கு இல்லை. கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள், விசா வந்த சேதி கேட்டதும் திடீரென்று உறவு கொண்டாடினால் அதற்கு எங்கள் அப்பாவின் நாளை எடுத்துக் கொடுக்க முடியாது. கடுமையாக இருக்கிறதா? இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கேயும் போகாதே என்று தம்பியிடம் சொன்னது நான். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

ஏன் சொன்னேன் என்றால், 2008-ல் என் வீட்டுக்காரர் மஸ்கட் போனார். இரண்டு வருட ஒப்பந்தம். போவதற்கு முந்தைய பத்து நாளும் விருந்துதான். காலையில் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. யார் மனமும் கோணக்கூடாது என்று மாமியார் ஒரு வீட்டைக்கூட விடவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்பினோம். கண்ட எண்ணெயில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் என் பெண்ணுக்கு வாந்தி. அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. விடிய விடிய அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். காலையில் வேன் வந்துவிட்டது. அந்தப் பத்து நாளில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியது பத்து நிமிடம் இருக்காது. பணம் எப்படி அனுப்புவது, அவசரம் என்றால் யாரிடம் கேட்பது, எதுவும் பேசவில்லை. அவர் திரும்பி வரும்போது பெண்ணுக்கு மூன்றே முக்கால் வயது. அப்பாவைப் பார்த்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அந்த விருந்துகளில் என்ன சாப்பிட்டோம் என்று இன்றைக்கு யாருக்காவது நினைவிருக்கிறதா? எனக்கு அந்த வாந்தி மட்டும்தான் நினைவிருக்கிறது.

அதனால் சொன்னேன். திரும்பவும் சொல்வேன். போகிறவர்களின் கடைசி நாட்கள் அவர்கள் வீட்டுக்குச் சொந்தம். நமக்கு இல்லை.

அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. பேரன் பேத்திக்கு வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருவதைக் காட்ட வேண்டும். பார்த்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாய்ந்து வராது. சருகையும் குச்சியையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, குழந்தை தவழ்கிற வேகத்தில் வரும். காய்ந்த மண்ணின் வெடிப்புக்குள் இறங்கும். வெடிப்பு நிரம்பிய பிறகுதான் ஓர் அடி நகரும். எறும்பும் பூரானும் அலறிக்கொண்டு கரையேறும். சின்ன வயதில் நானும் தம்பியும் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே போவோம், மதகு வரைக்கும். "ஒரு வாரம் தள்ளிப் போட முடியாதாடா?" என்று அப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார். முடியாது. விசாவில் முதல் நுழைவுக்கு ஒரு கெடு தேதி உண்டு, அதற்குள் அங்கே போய் இறங்கியாக வேண்டும். அவர்களுக்குக் கிடைத்தது ஜூன் 14. மேட்டூர் திறந்து, மூன்று நாளில் கல்லணை வந்து, அங்கிருந்து எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது 20 தேதிக்கு மேல் ஆகிவிடும். அப்பா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

ஆளுக்கு 30 கிலோ. நாலு பேருக்கு 120 கிலோவில் ஒரு குடும்பத்தைக் கட்டி முடித்தோம். அம்மா முந்தானைத் துணியில் அவரை விதை முடிந்து கொடுத்தாள். அங்கே விதை, பழம், பால் பொருள் எதுவானாலும் அறிவிக்க வேண்டும், விதையை விட மாட்டார்கள் அம்மா என்று தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வடாம் மட்டும் இரண்டு கிலோ போயிற்று.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அவர்கள் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. பதினான்கு வீட்டிலிருந்து ஒருவராவது எங்கள் அப்பா அம்மாவைப் பார்க்க வந்தீர்களா? "இனிமேல் இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று விமான நிலையத்தில் என் எதிரிலேயே கேட்டீர்களே, நான் யார்? நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். பதினைந்து வருடமாக மாத்திரை வாங்கிக் கொடுப்பதும், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் படுத்ததும் நான்தான். போகிறவனுக்கு விருந்து, போனவனுக்குப் பழி. இருக்கிறவள் மட்டும் ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. தம்பிமீதும் எனக்குக் கோபம் உண்டு, அதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். அந்த பதிமூன்று நாளில் அவன் என் வீட்டுக்கும் சாப்பிட வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

21 தேதி காலை ஆறு மணிக்கு அப்பா போன் செய்தார். தண்ணீர் வந்துவிட்டதாம். நான் போனபோது கரையில் நின்று வீடியோ கால் போட்டிருந்தார். அங்கே மணி பத்தரை. பள்ளியில் சேர ஜூலை ஆகும் என்பதால் பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. "தாத்தா, போனை இன்னும் கீழே இறக்குங்க, சத்தமே கேக்கலை" என்றாள் பேத்தி. முட்டி மடக்க முடியாதவர், ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பக்கத்தில் குனிந்தார். போனும் கையும் நடுங்கின. நுரை அவர் விரலில் பட்டது.

வர நினைக்கிறவர்கள் வாருங்கள் அண்ணே, நீங்களும் வாருங்கள். நாலு மணிக்கு மேல் வந்தால் அப்பா திண்ணையில்தான் இருப்பார்.