ஒரு எண்ணைப் போட்டால் மீதி வந்துவிடுமா?

பல்லுறுப்புக்கோவை வகுத்தலில், வகுத்தியைப் பூச்சியமாக்கும் எண் ஒன்றை வகுபடும் கோவையில் பிரதியிட்டாலே எப்போதும் மீதி கிடைத்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒருபடி வகுத்திக்கு (மாறியின் மிக உயர்ந்த அடுக்கு, அதாவது படி, 1) அது சரிதான், மீதித் தேற்றம் சொல்வதே அதைத்தான். இருபடி வகுத்திக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. மீதியின் படி வகுத்தியின் படியைவிடக் குறைவாக இருந்தால் போதும் என்பதே விதி. ஆக, இங்கே மீதியிலும் மாறி இருக்கலாம்.

மாறியை ம என்று வைத்து, ம³ + 2ம + 5 என்பதை ம² − 1 ஆல் வகுத்துப் பாருங்கள். 1 ஐப் போட்டால் 8 வருகிறது. மீதி 8 என்று முடித்துவிடத் தோன்றும் (அவசரத்தில் நானும் முடித்திருக்கிறேன்). இப்போது −1 ஐப் போடுங்கள். வகுத்தி அப்போதும் பூச்சியம்தான், ஆனால் வருவது 2. ஒரே வகுத்தலுக்கு இரண்டு மீதி எப்படி?

மீதியை அம + ஆ என்று வைப்போம் (அ, ஆ எண்கள்). இரண்டு இடத்திலும் வகுத்தி பூச்சியம் என்பதால் வந்த மதிப்பு மீதியின் மதிப்புதான்: அ + ஆ = 8, −அ + ஆ = 2. அ = 3, ஆ = 5. எனவே மீதி 3ம + 5. சந்தேகம் இருந்தால் நீள்வகுத்தல் செய்து பாருங்கள், ஒரே சுற்றில் முடிந்துவிடும்: ஈவு ம. ம(ம² − 1) + 3ம + 5 என்று பெருக்கி விரித்தால் தொடங்கிய கோவையே திரும்ப வரும். 8 ஐ மீதியாக வைத்து எந்த ஈவைப் போட்டாலும் அது வராது.