அந்தக் கூடாரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்

ஆட்கள் கூடாரம் போட்டு நாள்கணக்கில் தங்கும் பெரிய இசை விழா ஏதாவது முடிந்தால் மறுநாளே ஒரு படம் கண்ணில் பட்டுவிடும். மேலிருந்து எடுத்த படம். மைதானம் முழுக்க வண்ண வண்ணமாய்க் கூடாரங்கள். பார்த்தால் விழா இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றிலும் ஆள் இல்லை. எல்லாரும் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடாரம், காற்று மெத்தை, மடக்கு நாற்காலி, பாதி குடித்த பாட்டில் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கின்றன.

படத்துக்குக் கீழே வரும் திட்டும் வருடா வருடம் ஒன்றுதான். பூமியைக் காப்பாற்று என்று கூவுகிறவர்கள் இவர்கள்தானா? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாதா? எனக்கு இந்தத் திட்டில் உடன்பாடில்லை. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழா முடிந்தபோது, அது நடந்த மாக்ஸ் யாஸ்கரின் பண்ணை நிலம் எப்படிக் கிடந்தது என்பதைப் பழைய படங்களில் பார்க்கலாம். நான்கு லட்சம் பேருக்கு மேல் கூடிக் கலைந்த இடம் அது. சேற்றோடு சேறாகப் போர்வை, செருப்பு, தகர டப்பா. அன்றைக்கு அங்கே ஆடிய பிள்ளைகள் இன்றைக்குத் தாத்தா பாட்டிகள். அதனால் தலைமுறையைத் திட்டுவதை விட்டுவிட்டு வேறு பக்கம் பார்ப்போம்.

நான் நினைப்பது இது. முகாமில் கிடக்கும் குப்பையில் பெரும்பகுதி, புறப்படுவதற்கு முந்தைய வாரம் கடையில் நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது. "ஒரு தடவைக்குத்தானே, திரும்பக் கொண்டுவர வேண்டியதில்லை" என்ற நினைப்போடு வாங்கும் எந்தப் பொருளும் வாங்கிய நிமிடமே குப்பைதான். நடுவில் மூன்று நாள் பாட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான்.

கூடாரத்தையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் சுயாதீன விழாக்கள் சங்கம் 2019இல் ஒரு பிரச்சாரம் நடத்தியது. அறுபதுக்கும் மேற்பட்ட விழாக்கள் அதில் சேர்ந்துகொண்டன. அந்த நாட்டு விழாக்களில் ஆண்டுக்குச் சுமார் 2,50,000 கூடாரங்கள் கைவிடப்படுகின்றன என்பது அவர்கள் சொன்ன மதிப்பீடு. ஒரு கூடாரத்தின் சராசரி எடை 3.5 கிலோ, அதில் பெரும்பகுதி பிளாஸ்டிக். பெருக்கிப் பார்த்தால் 875 டன் வருகிறது. ஒரே ஒரு கூடாரம் 8,750 பிளாஸ்டிக் ஸ்ட்ராக்களுக்குச் சமம் என்றும் கணக்குக் காட்டினார்கள். காகித ஸ்ட்ராவில் குளிர்பானம் குடித்துவிட்டு, இயற்கைக்கு நல்லது செய்துவிட்ட நிம்மதியோடு கூடாரத்தை விட்டுவிட்டுப் போகிறவரை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்தச் சங்கம் வைத்த கோரிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கூடாரங்களை 'ஃபெஸ்டிவல் டென்ட்' என்று பெயர் போட்டு விற்காதீர்கள் என்று கடைகளைக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு விழாவோடு இதன் ஆயுள் முடிந்தது என்பதை வாங்குகிறவர் மனதில் அந்த அட்டையே எழுதிவிடுகிறது. பூப்போட்ட மலிவு டென்டை வாங்கியவரைக் கேட்டால், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆன செலவைவிட இது குறைவு, இதைத் தூக்கிச் சுமப்பானேன் என்பார். கணக்கு அவர் பையைப் பொறுத்தவரை சரிதான். மிச்சச் செலவு வேறு ஆள் தலையில் விழுகிறது.

எப்படி என்றால், கூடாரத்தை மறுசுழற்சி செய்வது லேசான காரியமில்லை. துணி பாலியெஸ்டர் அல்லது நைலான். அதன்மேல் நீர் புகாதிருக்க ஒரு பூச்சு. கம்பிகள் பெரும்பாலும் கண்ணாடியிழை. வலை ஒரு வகை, ஜிப் ஒரு வகை, முளைகள் உலோகம். இத்தனையையும் கையால் பிரித்தால்தான் ஏதாவது தேறும். லட்சக்கணக்கானோர் தங்கிய மைதானத்தில் யார் உட்கார்ந்து பிரிப்பார்கள்? இயந்திரம் வரும். உள்ளே கிடக்கும் ஸ்லீப்பிங் பேக், ஷூ, மீந்த சாப்பாடு எல்லாவற்றோடும் சேர்த்து அள்ளி நசுக்கி, குப்பைக் கிடங்குக்கோ எரியுலைக்கோ கொண்டுபோகும்.

"யாராவது தொண்டு நிறுவனக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள்" என்ற நம்பிக்கை ஒன்று இருக்கிறதே, அதுதான் இந்த விஷயத்தில் மிகப் பெரிய கேடு என்பேன். மனசாட்சியை உறங்கவைக்க இதைவிட நல்ல தாலாட்டு இல்லை. தொண்டுக் குழுக்கள் சில விழாக்களுக்கு வருவது உண்மை. ஆனால் அவர்கள் கையில் சில மணி நேரமும் சில தன்னார்வலர்களும்தான். நனைந்தது, கிழிந்தது, கம்பி உடைந்தது, யாரோ வாந்தி எடுத்தது என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து நல்லதைத் தேடி எடுக்க வேண்டும். மொத்தத்தில் ஒரு சின்னப் பங்குதான் பிழைக்கிறது. உண்மையிலேயே கொடுக்க நினைத்தால், கழுவிக் காயவைத்து, முளை எண்ணிக்கை சரிபார்த்து, உறைக்குள் மடித்து அவர்கள் கையில் கொடுங்கள். அதற்குப் பெயர் தானம். சேற்றில் விட்டுவிட்டு நடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அப்புறம் நிலம். பெரிய விழாக்களில் பல, பிழைப்பு நடக்கும் விவசாய நிலத்தில்தான் நடக்கின்றன. இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா நடக்கும் வர்த்தி பண்ணை ஒரு பால் பண்ணை. கூட்டம் கலைந்த பிறகு அங்கே மாடுகள் மேய வேண்டும். மாடு புல்லை நாக்கால் சுழற்றி இழுத்து விழுங்கும், அதில் கலந்திருக்கும் இரும்பைப் பிரித்துத் துப்பத் தெரியாது. கூடார முளையோ கம்பித் துண்டோ உள்ளே போனால் இரண்டாவது இரைப்பையில் தங்கும். அதற்கு நேர் முன்னால், கொஞ்ச தூரத்தில்தான் இதயம். குத்தித் துளைத்துக்கொண்டு போய் மாட்டையே சாகடிக்கக்கூடும். அலுமினிய கேன் இன்னும் மோசம். புல் வெட்டும் இயந்திரம் அதைச் சில்லுச் சில்லாக்கித் தீவனத்தோடு கலந்துவிடும், பிறகு யாராலும் பொறுக்க முடியாது. புல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு முளையைத் தேட நமக்கு ஐந்து நிமிடம் ஆகலாம். நாம் போன பிறகு தேடுகிறவருக்கு அது எங்கே என்றே தெரியாது.

குப்பை என்றால் கையில் எடுக்கக்கூடியது மட்டும்தான் என்றும் நினைத்துவிட வேண்டாம். அதே பண்ணை வழியாக ஓடும் வைட்லேக் ஆற்றின் நீரை 2019 விழாவை ஒட்டி பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, போதைப்பொருள் எச்சங்கள் இருந்தன. விழாவுக்கு அடுத்த வாரம் எம்டிஎம்ஏ என்ற போதைப்பொருளின் அளவு நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு செய்யும் மட்டத்துக்குப் போயிருந்தது. அது ஆற்றுக்குள் போன வழி, திறந்த வெளியில் கழித்த சிறுநீர். கழிவறை வரிசை நீளம் என்று வேலியோரம் ஒதுங்குகிறவர்கள் யோசிக்கட்டும்.

சரி, நல்ல மனிதர்கள்கூட ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள்? ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே அப்படியே பொருந்துகிறது. வண்டி நிறுத்துமிடத்தில் கார் கண்ணாடிகளில் துண்டுச்சீட்டு செருகிவைத்து, யார் கீழே போடுகிறார்கள் என்று கவனித்தார்கள். தரை சுத்தமாக இருந்தபோது போட்டவர்கள் 14 சதவீதம். ஏற்கெனவே குப்பையாக இருந்தபோது 32 சதவீதம். மனிதர்கள் அதே மாதிரி மனிதர்கள்தான், மாறியது தரை. முகாமில் முதல் நாள் இரவு நம் கூடார வாசலில் நாம் விட்டுவைக்கும் நான்கு கேன், பக்கத்துக் கூடாரத்துக்காரருக்கு எழுதாமல் எழுதிய அனுமதிச் சீட்டு. மூன்றாம் நாள் சுத்தம் செய்யலாம் என்பவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாள் ராத்திரியே செய்யுங்கள் என்பதுதான். கடைசி நாள் காலையில் யாரிடமும் நல்ல புத்தியை எதிர்பார்க்க முடியாது. தூக்கமில்லை, தலைவலி, பேருந்து பிடிக்க வேண்டும், மழை வேறு. அந்த நேரத்து நம்மை நம்பி எந்தத் திட்டமும் போடக் கூடாது.

இதைப் புரிந்துகொண்ட விழாக்கள் இருக்கின்றன. ஜப்பானின் ஃபூஜி ராக் விழா 1997இல் புயலுக்கு நடுவே தொடங்கியது. இன்று உலகின் மிகச் சுத்தமான இசை விழா என்று பெயர் வாங்கியிருக்கிறது. அங்கே தன்னார்வலர்களின் முக்கிய வேலை நம் குப்பையைப் பொறுக்குவதில்லை. வருகிறவர் கையில் பையைக் கொடுக்கிறார்கள், தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று எதை எதில் போடுவது என்று காட்டுகிறார்கள். போட வேண்டியவர் நாம்தான். டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில், சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே பதிவு செய்யும் குழுக்களுக்கு முகாமில் தனி இடம் ஒதுக்கும் ஏற்பாடு செய்தார்கள். நல்ல இடம் பிடிக்கக் கூட்டம் எப்படி அலையும் என்று தெரிந்தவர் யாரோ யோசித்த யோசனை. ஜெர்மனியில் பல விழாக்களில் நுழையும்போதே ஒரு குப்பை டெபாசிட் வாங்கிக்கொள்கிறார்கள். நிரம்பிய பையோடு வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. பை நிரம்பினால் போதும், கூடாரம் நின்றாலும் காசு வந்துவிடும். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

எல்லாவற்றிலும் கறார், அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் நடக்கும் பர்னிங் மேன். வெறும் இசை விழா என்று அதைச் சொல்ல முடியாது, ஆனால் முகாம் என்றால் அதுதான் முகாம். பொதுக் குப்பைத் தொட்டியே கிடையாது. கொண்டுவந்ததைக் கொண்டுபோக வேண்டும். எல்லாரும் போன பிறகு ஒரு படை வரிசையாக நடந்து தரையைச் சலிக்கிறது. எந்தக் குழு தங்கிய இடம் சுத்தம், எது மோசம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறத்தில் வரைபடம் வெளியிடுகிறார்கள். சிவப்பு வாங்கிய குழுவுக்கு அடுத்த வருடம் இடம் கிடைப்பதே சந்தேகம். நிலத்துக்குப் பொறுப்பான அரசுத் துறை வைத்திருக்கும் வரம்பு, ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக் குப்பை. ஆனாலும் திரும்பும் வழியில் சிலர் அடுத்த ஊர்த் தெருக்களில் மூட்டையைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்ற புகார் ஓயவில்லை. ஆக, கொண்டுவருவதைக் குறைக்காமல் கொண்டுபோவதை மட்டும் கட்டாயமாக்கினால் குப்பை இடம் மாறும், அவ்வளவுதான்.

அதனால்தான் கடையிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். கூடாரம் இல்லையென்றால் நண்பரிடம் கேளுங்கள், வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், வாங்கினால் பத்து வருடம் வைத்திருப்பேன் என்ற எண்ணத்தில் வாங்குங்கள். நான்கு பேர் போனால் நான்கு நாற்காலி, நான்கு அடுப்பு எதற்கு? அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் உறைகளை வீட்டிலேயே உரித்துவிட்டுப் பொருளை டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டை அளந்து எடுங்கள், முகாமில் வீணாகும் ரொட்டிக்கு அளவே இல்லை. தண்ணீருக்குச் சொந்த பாட்டில், குடிக்கச் சொந்தக் குவளை. ஈரத் துடைப்பான்களில் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, ஒரு துண்டும் கொஞ்சம் தண்ணீரும் அந்த வேலையைச் செய்யும். பிளாஸ்டிக் மினுக்குத் தூளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், புல்லில் விழுந்தால் யாராலும் பொறுக்க முடியாது. சிகரெட் துண்டின் பஞ்சும் பிளாஸ்டிக்தான், பிடிக்கிறவர்கள் மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று வைத்துக்கொள்ளட்டும். மின்சிகரெட்டில் லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதைச் சாதாரணக் குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம், மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மக்கும் கோப்பை என்று அச்சிட்டதை நம்பிப் புல்லில் எறியாதீர்கள். சோளத்தில் செய்த அந்தப் பிளாஸ்டிக் மக்க 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் குப்பையை மக்கவைத்து உரமாக்கும் ஆலை வேண்டும். வயலில் அது வருடக்கணக்கில் கோப்பையாகவே கிடக்கும்.

விழா நடத்துகிறவர்களை நான் விட்டுவிடவில்லை. தொட்டி எங்கே என்று தேட வைத்துவிட்டு விழிப்புணர்வுப் பலகை நடுவதில் அர்த்தமில்லை. தண்ணீர்க் குழாய் போதுமான அளவு இருந்தால்தான் பாட்டில் வியாபாரத்தை நிறுத்த முடியும். கிளாஸ்டன்பரி 2019இல் ஒருமுறைப் பிளாஸ்டிக் பாட்டில் விற்பனையை நிறுத்தியது. அந்த வருடம் 99.3 சதவீதக் கூடாரங்களை மக்கள் திரும்ப எடுத்துப்போனார்கள் என்று அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். பாட்டிலை நிறுத்தியதால்தான் கூடாரம் போனது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு லட்சம் பேர் கூடும் இடத்திலும் இது நடக்கும் என்பதே எனக்குப் போதும். "இத்தனை கூட்டத்தில் யார் கேட்பார்கள்" என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. "டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருக்கிறேன், அவர்கள் ஆள் வைத்து அள்ளட்டும்" என்பதும் அப்படித்தான். அள்ளும் செலவு அடுத்த வருட டிக்கெட்டில் நம்மிடமே வரும்.

கடைசியாக, கூடாரத்தை விட்டுவிட்டு வந்தவர்களிடம் கேட்டால் பலர் சொல்லும் காரணம் மழை. நனைந்ததை எப்படி மடிப்பது என்பார்கள். மடிக்கவே வேண்டாம். அந்த இத்தனூண்டு உறைக்குள் திரும்பத் திணிக்க முடியாத எரிச்சலில்தான் பலர் கைகழுவிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். போகும்போதே கனமான பெரிய பை ஒன்றைச் சுருட்டி எடுத்துப்போங்கள். முளைகளைப் பிடுங்கி எண்ணித் தனியாகக் கட்டி, கம்பியைக் கழற்றி, ஈரத் துணியை அப்படியே சுருட்டிப் பைக்குள் அமுக்குங்கள். கம்பி உடைந்திருந்தால் கவலையில்லை, அந்தத் துண்டு மட்டும் தனியாகவே விற்கிறது. கிழிசலுக்கு ஒட்டும் டேப் இருக்கிறது. வீடு வந்ததும் குளிப்பதற்கு முன்னால் கூடாரத்தை விரித்துப் போட்டுவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பூஞ்சை பிடித்துவிடும்.