இன்னொரு மீற்றருக்கு நான் எங்கே போக?

"இன்னொரு மீற்றர் கூட வாங்கியிருக்கலாமே, பிள்ளை."

துண்டு துண்டாகச் சேர்த்துத் தைக்கிற ஒட்டுப்போர்வைக்குத் துணி போதாமல் கீலம் கீலமாக வெட்டிப் பொருத்திக்கொண்டு மெசினில் இருக்கும்போதுதான் யாராவது வந்து இதைச் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் கேட்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இன்னொரு மீற்றர் கிடைக்கிறதாக இருந்தால் நான் ஏன் இப்படிக் கண் நோக நோக ஒட்டுப் போடுகிறேன்?

யாழ்ப்பாணத்தில் ஒரு பூப்போட்ட சீத்தைத் துணி ஒருமுறைதான் வரும். அந்தச் சுருள் முடிந்தால் முடிந்ததுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு முன்பு பார்த்து வைத்த பூ தீபாவளிக்கு இருக்காது. கொழும்பிலிருந்து அடுத்து வருவது வேறு பூ, வேறு நிறம். "அதே நீலம்தான் அக்கா" என்று எடுத்துப் போடுவார்கள். வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தால் ஒன்று பச்சைக்கு இழுக்கும், மற்றது ஊதாவுக்கு இழுக்கும். போர்வையின் நடுவில் அந்த இரண்டு நீலமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் அதை மறைக்க எந்தத் தையலாலும் ஏலாது.

அது கடைத் துணியின் கதை. ஒட்டுப்போர்வைக்கு எடுப்பதில் பாதி, கடையில் கிடைக்காத துணி. அம்மாவின் நூல் சீலை, அப்பாவின் சாரம், பிள்ளை சின்னதில் போட்ட சட்டை. ஒரு சீலை ஐந்தரை மீற்றர் இருக்கும் என்று கணக்குச் சொல்லலாம். ஆனால் நிலத்தில் உரசிய கரை நைந்திருக்கும், கொய்யகம் செருகிய இடம் மெலிந்திருக்கும். அதையெல்லாம் தள்ளினால் மிஞ்சுவதுதான் துணி. அதில் இன்னொரு மீற்றரை எந்தக் கடையில் கேட்பது? இதை விளங்கிக்கொள்ளாமல் கதைக்கிறவர்களோடுதான் என் கோபம்.

இனிக் கடைக்காரரிடம் வருகிறேன். நகரத்தில் நான் வழக்கமாகப் போகிற ஒரு கடை. பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு கடையின் குற்றம் மட்டும் இல்லை. "அரை மீற்றர் எல்லாம் வெட்டித் தரேலாது அக்கா, ஒரு மீற்றராவது எடுங்கோ." சரி, எடுக்கிறோம். அந்தத் தம்பி சுருளை உதறி, மீற்றர் கம்பில் ஒரு பக்கத்துக் கரையை மட்டும் பிடித்து அளந்து, அங்கிருந்து கத்தரிக்கோலை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். மற்றப் பக்கத்துக் கரைக்குப் போய்ச் சேரும்போது வெட்டு இரண்டு அங்குலம் சரிந்திருக்கும். முன்னால் வாங்கியவருக்கு வெட்டிய முனையும் எதிர்ப்பக்கமாக அதேயளவு சரிந்திருக்கும். கடைக்காரத் தம்பிக்கு அது ஒரு மீற்றர். காசும் ஒரு மீற்றருக்குத்தான். எனக்கு அது ஒரு மீற்றர் இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு மீற்றர் என்றால் 39 அங்குலமும் கொஞ்சமும். இரண்டரை அங்குலக் கீலமாகக் குறுக்கே வெட்டினால் 15 கீலம் வரவேண்டும். பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டக்கூடாது. நனைத்துக் காயவிட்டால் ஒரு அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும். பிறகு இழை பார்த்து இரண்டு முனையையும் நேராக்கினால் இரண்டும் இரண்டும் நான்கு அங்குலம் போய்விடும். கடைசியில் கையில் நிற்பது 13 கீலம். மற்ற இரண்டு கீலத்தையும், அதாவது 42 அங்குல அகலத் துணியில் எண்பது அங்குலத்துக்கு மேல், வெட்டிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் தேடவேண்டும். அந்த வேலை முழுக்க, கத்தரிக்கோலைச் சரித்து ஓட்டிய ஒரு நொடியில் என் தலையில் ஏற்றப்பட்டது. கோபம் வராதா?

ஒட்டுவதும் ஏதோ இரண்டு துண்டை வைத்து ஒரு ஓட்டு ஓட்டுவது இல்லை. போர்வையின் ஓரப்பட்டிக்குக் கீலங்களை நேராகப் பொருத்தினால், மடித்து அடிக்கும்போது தையல் தும்பெல்லாம் ஒரே இடத்தில் குவிந்து அங்கே ஒரு கட்டி நிற்கும். அதனால்தான் சரிவாகப் பொருத்துகிறோம். இரண்டு கீலத்தையும் நல்ல பக்கம் உள்ளே இருக்க, ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றை வைத்து, மூலைக்கு மூலை தைத்து, கால் அங்குலம் விட்டு வெட்டி, விரித்து அயன் பண்ணவேண்டும். தடிப்பு பரவிவிடும், ஒட்டும் கண்ணில் குத்தாது. ஆனால் நேர்ப் பொருத்தில் அரை அங்குலம்தான் போகும். சரிவுப் பொருத்தில் கீலத்தின் அகலம் முழுவதும், இரண்டரை அங்குலம், போய்விடும்.

36க்கு 48 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை என்றால் சுற்றளவு 168. மூலை மடிப்புக்கும் முடிப்புக்கும் இன்னும் பத்து அங்குலம் வேண்டும். 42 அங்குலக் கீலம் ஐந்து இருந்தால் நாலு பொருத்தில் பத்து அங்குலம் போனாலும் போதும். இருபது அங்குலத் துண்டுகள்தான் மிச்சம் என்றால் பதினொரு துண்டு, பத்துப் பொருத்து. அந்தப் பத்துப் பொருத்து மட்டும் 25 அங்குலத்தைத் தின்றுவிடும். துணி குறையக் குறைய ஒட்டு கூடும். ஒட்டு கூடக் கூட, இருக்கிற துணியும் குறையும். இதற்குள் நின்றுதான் ஒவ்வொரு அங்குலத்தையும் எண்ணுகிறோம்.

இதிலும் ஒரே விதி எல்லாத் துணிக்கும் சரிவராது. பூப்போட்டதுக்கும் வெறும் நிறத்துக்கும் சரிவு நல்லது. கோடும் கட்டமும் போட்ட சாரத் துணிக்குச் சரிவு கூடாது, கோடு முறிந்து தெரியும். அதை ஒரு கோட்டுக்குள் மறைத்து நேராகத்தான் பொருத்தவேண்டும். பூ மேல்நோக்கி நிற்கிற துணியில் ஒரு துண்டு தலைகீழாகப் போனாலும் முழுவதையும் பிரிக்கவேண்டும். பொருத்து மூலையில் வந்து விழவும் கூடாது. இவ்வளவையும் பார்த்துத் தைத்து விரித்துக் காட்டினால், விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதிலை ஒட்டுத் தெரியுது" என்கிறார்கள். ஐயோ, அது ஒட்டுப்போர்வை! முழுக்க ஒட்டுத்தான்!

எனக்கு மிகவும் நோவது என்னவென்றால், இதைச் சொல்வது யாழ்ப்பாணத்து ஆட்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் சவர்க்காரம் இல்லாமல் பனங்களியில் உடுப்புத் தோய்த்தவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள். இல்லாததைக் கொண்டு எப்படிச் செய்வது என்று இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்தக் கைகளிடமிருந்தே "கூட வாங்கியிருக்கலாமே" என்று கேட்கும்போது தாங்க முடியவில்லை. என் அம்மம்மா கிழிந்த சாரத்தின் நல்ல பாதியை எடுத்துத் தொட்டிலுக்கு விரிப்புத் தைத்தபோது அவவிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

கடைக்காரத் தம்பிமாருக்கு ஒன்று கேட்கிறேன். பருத்தித் துணி என்றால் கத்தரிக்கோலை ஓட்டாதீர்கள். கரையில் ஒரு சின்ன வெட்டுப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்துத் தாருங்கள். இழையோடு நேராகப் போகும், கத்தரிக்கோலை விட வேகமாகவும் முடியும். கிழிக்க ஏலாத துணி என்றால் இரண்டு கரையிலும் அளந்து குறித்துவிட்டு வெட்டுங்கள். சுருளின் கடைசித் துண்டை மேசைக்குக் கீழே எறியாமல், பின்னேரம் வருகிற எங்களுக்கு எடுத்து வையுங்கள். சும்மா வேண்டாம், காசு தந்தே வாங்குகிறோம்.