கூண்டு பறவையை அடைப்பதற்கு அல்ல

அமெரிக்க அட்லாண்டிக் கடற்கரைகளில் பைப்பிங் ப்ளோவர் என்ற சிறு கரையோரப் பறவையின் கூடுகளைச் சுற்றியுள்ள கம்பி வலையின் படத்தைச் சிலர் பகிர்ந்து, “அடைகாக்கும் தாயைச் சிறை வைத்திருக்கிறார்கள்” என்று மேலே எழுதியிருக்கிறார்கள். அக்கறையில் எழுதியது என்று புரிகிறது, ஆனால் தகவல் சரியல்ல.

இந்தச் சிறிய உப்புக்கொத்தியின் எடை ஏறக்குறைய 50 கிராம்தான். வலைக் கண்ணின் அளவு வழக்கமாக 5 செ.மீ. × 10 செ.மீ. பறவை அதற்குள் நடந்தே போய் வரும். ஆனால் முட்டையைத் தின்ன வரும் நரி, ரக்கூன் (அமெரிக்காவில் வாழும் ஒரு சிறு பாலூட்டி) போன்றவை நுழைய முடியாது. அடியில் தோண்டி வராதபடி வலையின் கீழ்ப்பகுதியை மணலுக்குள் புதைப்பார்கள். காகம் இறங்காதபடி மேலேயும் வலை உண்டு. பெரும்பாலும் நான்கு முட்டையும் இட்ட பிறகே இதை அமைப்பார்கள். விரைவாக வேலையை முடித்து, தூரத்தில் நின்று பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பறவை திரும்பி வந்து அமராவிட்டால் வலையை எடுத்துவிடுவார்கள்.

வலையால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. சில இடங்களில் நரியோ வல்லூறோ வலையருகே காத்திருந்து, வெளியே வரும் பறவையைப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. அப்படி நடந்தால் வலையை அகற்ற வேண்டியதுதான். ஆனால் அது வேறு சிக்கல், அடைத்து வைப்பது அல்ல.

நீங்களே சரிபார்க்கலாம். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று பைனாகுலரில் பொறுமையாகப் பாருங்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். மாறும் நேரத்தில் ஒன்று வெளியேறுவதும் மற்றொன்று உள்ளே போவதும் தெளிவாகத் தெரியும்.