ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி: பணத்தை நிறுத்தித் திருத்திய கணக்கில் விட்டுப்போனது

"கொடை நாடுகள் பணத்தை நிறுத்தினால்தான் வங்கி திருந்தும்" என்ற பேச்சு மறுபடி கிளம்பியிருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க அரசு தன் 2026 நிதியாண்டு பட்ஜெட் முன்மொழிவில் ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியத்துக்கான 55.5 கோடி டாலரை வெட்டச் சொன்னது. வெட்டுவது சரி என்பவர்கள், கொடை நாடுகள் இதே நிதியத்துக்குப் பணத்தை நிறுத்திவைத்த 1994-96ஐ உதாரணம் காட்டுகிறார்கள். அந்த உதாரணத்தை முழுசாகப் படித்தால் எனக்கு நேரெதிர் முடிவுதான் கிடைக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கோட் டிவார் நாட்டின் அபிஜான் நகரில் இருப்பது ஒரே அலுவலகம், ஒரே தலைவர். ஆனால் கல்லாப்பெட்டி இரண்டு. ஒன்று வங்கி. உறுப்பு நாடுகளின் பங்கு மூலதனத்தைக் காட்டிச் சந்தையில் பத்திரம் விற்றுக் கடன் வாங்கி, அதைச் சந்தையை ஒட்டிய வட்டிக்குக் கொடுக்கிறது. 2019இல் இதன் மூலதனம் 9,300 கோடி டாலரிலிருந்து 20,800 கோடியாக உயர்த்தப்பட்டது என்று பெரிதாகச் செய்தி வந்ததே, அதில் கூட்டிய தொகையில் உறுப்பு நாடுகள் ரொக்கமாகக் கட்டவேண்டியது 6 சதவீதம்தான். மிச்சம் 94 சதவீதம், வங்கி தன் பத்திரங்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் தவித்தால் மட்டும் தருகிறோம் என்ற வாக்கு.

இன்னொரு பெட்டி நிதியம். 1972இல் ஒப்பந்தம், 1974இல் வேலை தொடக்கம். ஏழை நாடுகளுக்கு மட்டும். பழைய நிபந்தனை: 50 ஆண்டுத் தவணை, முதல் 10 ஆண்டு அசல் கட்ட வேண்டாம், வட்டி கிடையாது, 0.75 சதவீதம் சேவைக் கட்டணம். இப்படிக் கொடுத்தால் பணம் சீக்கிரம் திரும்பி வராது. அதனால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கொடை நாடுகள் உட்கார்ந்து பெட்டியை நிரப்ப வேண்டும். அந்த நிரப்பல்தான் கொடை நாடுகளின் பிடி.

இனி 1994. தவறு நடந்தது எந்தப் பெட்டியில்? வங்கியில். நிதியத்தின் கடனை மட்டுமே தாங்கக்கூடிய நாடுகளுக்கு வங்கிப் பெட்டியிலிருந்து சந்தை வட்டிக்குக் கடன் போனது. சயீர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு), லைபீரியா, சோமாலியா போன்ற நாடுகளில் பாக்கி மலையாகக் குவிந்தது. உலக வங்கியின் முன்னாள் துணைத் தலைவர் டேவிட் நாக்ஸ் தலைமையிலான குழு 1994இல் கொடுத்த அறிக்கை நோயைச் சரியாகவே சொன்னது. ஆண்டு முடிவில் எத்தனை கடன் இயக்குநர் குழுவில் ஒப்புதல் வாங்கியது என்பதே அங்கே வேலைக்கு அளவுகோல். அந்தக் கடனில் கட்டிய பம்பு ஓடுகிறதா, சாலை இருக்கிறதா என்று பார்ப்பவருக்கு மதிப்பில்லை. இயக்குநர் குழுவுக்கும் வங்கித் தலைவருக்கும் நடந்த இழுபறி தனி.

கொடை நாடுகள் என்ன செய்தன? பிடி இருந்த பெட்டியை மூடின. ஆறாவது நிரப்பல் 1993உடன் முடிந்தது. ஏழாவதற்கு 1996 மே வரை கையெழுத்தாகவில்லை. இடையில் 1994, 1995 இரண்டு ஆண்டும் நிதியத்தில் புதுக்கடனுக்குப் பணமே இல்லை. தப்பு செய்தது வங்கிப் பெட்டி, பட்டினி கிடந்தது நிதியப் பெட்டி. மேட்டில் தண்ணீரை வீணடித்தார்கள் என்று மதகை மூடினால் காய்வது கடைமடைதானே.

திருத்தம் வரவில்லை என்று சொல்லவில்லை, வந்தது. ஆனால் எது திருத்தியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 1995 மே மாதம் ஒரு கடன் விதி வந்தது: எந்த நாடு எந்தப் பெட்டியிலிருந்து வாங்கலாம் என்பதை உலக வங்கியின் வகைப்பாட்டை ஒட்டி முடிவு செய்வது. பெரும்பாலான நாடுகள் நிதியத்தில் மட்டுமே வாங்க முடியும் என்றானது. வங்கியின் கடன் புத்தகத்தைக் காப்பாற்றியது இந்த ஒரு விதிதான் என்பது என் திடமான கருத்து. 1995 ஆகஸ்டில் கடன்தரம் மதிப்பிடும் நிறுவனமான எஸ் அண்ட் பி, வங்கியின் தரத்தை உச்சப் படியான ஏஏஏயிலிருந்து இறக்கியது இன்னொரு அடி. தரம் ஒரு படி இறங்கினால் வங்கி விற்கும் பத்திரத்துக்கு வட்டி ஏறும், அதைக் கடைசியில் கட்டுவது கடன் வாங்கிய நாடு. அதே மாதம் வங்கித் தலைவராகத் தேர்வான மொராக்கோவின் ஓமர் கப்பாஜ் நிர்வாகத்தை மாற்றி அமைத்தார். 2003இல் எஸ் அண்ட் பி ஏஏஏயைத் திருப்பிக் கொடுத்தது. இதில் எதற்கும் நிதியத்தை இரண்டு ஆண்டு காயப்போட வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை.

பேரத்தில் கொடை நாடுகளுக்குக் கிடைத்ததையும் பாருங்கள். 1982 வரை ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நாடுகளை உறுப்பினராகவே சேர்க்காத வங்கி இது. சேர்த்தபோது ஆப்பிரிக்க நாடுகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. 1998இல் அது 60க்கு 40 ஆனது, கூடவே மூலதனம் 35 சதவீதம் உயர்ந்தது. 60:40 ஆனதால் வாராக்கடன் குறைந்தது என்று யாரும் காட்டியதாக நான் பார்க்கவில்லை. நிதியத்திலோ ஆரம்பத்திலிருந்தே பாதி வாக்கு கொடை நாடுகளுடையது. மேற்பார்வை செய்ய அதிகாரம் போதவில்லை என்று அவர்கள் சொல்லவே முடியாது.

இரண்டு ஆண்டு நிறுத்தம் ஏன் இரண்டு ஆண்டோடு முடிவதில்லை என்பது வெளியே அதிகம் தெரியாது. கையெழுத்தான கடனில் முதல் ரூபாய் இறங்குவதற்கு முன் அரசின் சட்ட அதிகாரியின் கருத்துரை வேண்டும். பல நாடுகளில் நாடாளுமன்ற ஒப்புதல், திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு, திட்ட அலுவலகத்துக்கு ஆள் நியமனம், அரசின் பங்குத் தொகை ஒதுக்கீடு. பிறகு டெண்டர், அதன் கட்டங்களில் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதம். நடுவே பணம் இல்லையென்று மதிப்பீட்டு அறிக்கை இரண்டு ஆண்டு கிடந்தால் சிமெண்டு விலை, கம்பி விலை, நாணய மாற்று எல்லாம் மாறிவிடும். மதிப்பீட்டை முதலிலிருந்து போட வேண்டும். பழகிய பொறியாளர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அதனால் கொடை நாடுகள் நிபந்தனை வைக்கட்டும், தாராளமாக வைக்கட்டும். ஆனால் எங்கே வைக்க வேண்டும்? வங்கியின் மூலதன உயர்வில். தலைவரும் இயக்குநர்களும் உண்மையில் பயப்படுவது அதற்குத்தான், அது தள்ளிப்போனால் உடனே யாருடைய கிணறும் நிற்காது. நிதியத்துக்கு நிறுத்தம் வேண்டாம், அங்கே இருக்கும் பங்கீட்டு விதிகளே போதும்: நாட்டின் செயல்பாட்டு மதிப்பெண், அது கடனில் மூழ்கும் அபாயத்தை நிறத்தால் காட்டும் கடன்சுமை விளக்கு. சிவப்பு என்றால் முழுதும் மானியம், பச்சை என்றால் கடன். 1995 விதியையும் கல்லில் செதுக்கியதாக நினைக்காமல் 2014இல் தளர்த்தினார்கள். நல்ல நிலையில் இருக்கும் நிதிய நாடு, ஆய்வுக்குப் பிறகு வங்கிப் பெட்டியிலும் வாங்கலாம். இப்படி நிதானமாகச் செய்வதும் சீர்திருத்தம்தான்.

பாக்கி விஷயத்திலும் கொடையைச் சரியாகப் பயன்படுத்திய முறை ஒன்று இருக்கிறது. சூடான் இந்த வங்கிக்கு வைத்திருந்த சுமார் 41.3 கோடி டாலர் பாக்கி 2021 மேயில் தீர்ந்தது. பிரிட்டன் கொடுத்த இடைக்காலக் கடன், சுவீடனும் அயர்லாந்தும் கொடுத்த உதவி, வங்கியின் சொந்த ஏற்பாடு எல்லாம் சேர்ந்து. பாக்கி தீராமல் புதுப்பணம் கிடையாது என்பது விதி. விதியை வளைக்காமல், பாக்கியைக் கட்டிக் கதவைத் திறந்தார்கள்.

அடுத்த நிரப்பல் செய்தி வரும்போது தலைப்பில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அறிவித்தது ஒன்று, அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கியது ஒன்று. அதிலும் ரொக்கமா புரோநோட்டா என்று கேளுங்கள். புரோநோட்டு பல ஆண்டுகளில் துண்டு துண்டாகத்தான் காசாகும். 2022 டிசம்பரில் மொராக்கோவின் டாஞ்சியரில் நிதியத்துக்கு 890 கோடி டாலர் என்று அறிவித்தார்களே, அதில் இதுவரை நாடுவாரியாகக் கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற பட்டியலை வங்கி தன் முகப்புப் பக்கத்திலேயே போட வேண்டும். கடன் வாங்கிய ஏழை நாட்டின் பாக்கி மட்டும்தான் பாக்கி என்று ஏன் இருக்க வேண்டும்?