கழுத்துத் தேய்மானம்: காலர் பற்றிய திருத்தம்
"எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று வந்துவிட்டால் கழுத்தை அசைக்கவே கூடாது, ஆயுசுக்கும் காலர் போடணும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கழுத்தில் 7 எலும்புகள். நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க், வயதாக ஆக நீர் வற்றி உயரம் குறையும். எலும்பு ஓரங்களில் முளை விடும். 60 தாண்டிய பெரும்பாலானோரின் எக்ஸ்ரேயில் இது தெரியும். அவர்களில் நிறையப் பேருக்கு வலியே இருக்காது. ரிப்போர்ட்டைப் படித்த பயத்திலேயே முடங்கிப்போகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது.

வலி கடுமையாக இருக்கும் சில நாள்களுக்கு, டாக்டர் சொன்னால் காலர் போடலாம். மாதக்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை பலவீனமாகி விறைப்புதான் கூடும். தலையை மெதுவாக இருபக்கமும் திருப்புவது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாமல் லேசாக எதிர்த்து அழுத்துவது போன்ற பயிற்சிகளை இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொண்டு தினமும் செய்யுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? கையெழுத்து கோணுகிறதா? நடை தள்ளாடுகிறதா? சிறுநீரை அடக்க முடியவில்லையா? இவை தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். கழுத்து வலி இல்லாமலும் வரும். தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை யாரையும் கழுத்தில் சொடுக்கு எடுக்க விடாதீர்கள்.